சாக்கடையில் ஓடும் விறகு... சாயப்பட்டறைக்கு ஒரு வெந்நீர்க் கணக்கு!

நாம் போட்டிருக்கும் பனியன் துணி, கடைக்கு வருவதற்கு முன்பு எத்தனை முறை குளித்திருக்கும் தெரியுமா? வெளுப்பு, சாயம், சோப்பு அலசல், மறுபடியும் அலசல். பருத்தியில் சாயம் ஏற பெரும்பாலும் 60 டிகிரி சூடு வேண்டும். சோப்பு போட்டு அலச 90 டிகிரிக்கு மேல்கூடப் போகும். வேலை முடிந்ததும் அந்த வெந்நீர் முழுவதும் கழிவுநீர்!

2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அதனால் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆகவேண்டும். சுத்திகரிக்கும் நுண்ணுயிரிகளோ அதிகச் சூடு தாங்காது. எனவே, ஒரு பக்கம் பாய்லரில் விறகு போட்டுத் தண்ணீரைச் சுட வைக்கிறோம். மறுபக்கம் கரன்ட் செலவழித்து, கூலிங் டவர் ஓட்டி அதையே ஆற வைக்கிறோம். இரண்டுக்கும் காசு.

நடுவில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரை வைத்தால் இந்தச் சூட்டைப் புதுத் தண்ணீருக்கு மாற்றலாம். மெல்லிய உலோகத் தகடு. ஒரு பக்கம் கழிவு வெந்நீர், மறுபக்கம் நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் தாண்டும்.

எந்தத் திசையில் ஓடவிடுவது என்பதில்தான் சூட்சுமம். 70 டிகிரி கழிவுநீரும் 30 டிகிரி புதுத் தண்ணீரும் சம அளவில் ஒரே திசையில் ஓடினால், எவ்வளவு பெரிய கருவி வாங்கினாலும் 50 டிகிரியோடு சரி. எதிரெதிர்த் திசையில் விட்டால், வெளியேறும் புதுத் தண்ணீர் கடைசியில் சந்திப்பது அப்போதுதான் உள்ளே நுழையும் 70 டிகிரி வெந்நீரை. அதனால் 60, 65 என்று ஏறும். பனிக்கட்டியில் நிற்கும் பென்குயினின் காலில் ரத்தக் குழாய்கள் இப்படித்தான் எதிரெதிராக ஓடி, உடம்புச் சூட்டைக் காப்பாற்றுகின்றன.

சரி, எவ்வளவு பெரிய கருவி வேண்டும்?

மணிக்கு 5,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற சுமார் 175 கிலோவாட் வெப்பம் தேவை. இரு பக்கத் தண்ணீருக்கும் இடையே எங்கு பார்த்தாலும் 10 டிகிரி இடைவெளி இருக்கும். அழுக்குத் தண்ணீர் என்பதால், ஒரு சதுர மீட்டர் தகடு ஒரு டிகிரி இடைவெளிக்கு 1,000 வாட் கடத்தும் என்று சற்றுக் குறைவாகவே எடுப்போம். 1,75,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 17.5 சதுர மீட்டர். பாய்லரில் மிச்சமாகும் விறகு, மணிக்கு ஏறத்தாழ 60 கிலோ!

'60 எதற்கு, 65 டிகிரியே எடுத்துவிடலாமே' என்று ஆசை வரும். அப்போது இடைவெளி 5 டிகிரியாகச் சுருங்கும். தேவைப்படும் தகடு சுமார் 41 சதுர மீட்டர். கூடுதலாக மிச்சமாவதோ மணிக்கு 10 கிலோ விறகுதான். 68 டிகிரிக்கு ஆசைப்பட்டால் 110 சதுர மீட்டர்! முதல் 30 டிகிரி மலிவு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரியும் யானை விலை. என்னைக் கேட்டால், 10 டிகிரி இடைவெளியில் ஆரம்பிப்பதுதான் நல்லது.

கணக்கு காகிதத்தில் சரியாக வரும். பட்டறையில் அதைக் கெடுப்பது பஞ்சு. சாயத் தண்ணீரோடு வரும் நூல் துகள்கள் தகடுகளின் சந்தில் அடைத்துக்கொள்ளும். தகடு வெப்பம் கடத்தும் வேகம் பாதியாகிவிட்டால், 60 டிகிரியில் வரவேண்டிய தண்ணீர் 54-லேயே நின்றுவிடும். கருவிக்கு முன்னால் நல்ல வடிகட்டி, இடைவெளி அகலமான தகடுகள், கழற்றிக் கழுவ வசதி - இந்த மூன்றில் கஞ்சத்தனம் கூடாது.

இன்னொன்று, சாய மெஷின் தொடர்ந்து தண்ணீர் விடாது. 2,000 லிட்டரை ஐந்தே நிமிடத்தில் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கு 24,000 லிட்டர் என்று வரும். தேவையைப்போல ஐந்து மடங்கு பெரிய கருவியை வாங்கி வைப்பீர்கள். ஒரு மூடிய தொட்டியில் வெந்நீரைச் சேர்த்து, சீராக அனுப்பினால் 5,000 லிட்டர் கணக்கே போதும். பச்சைத்தண்ணீர் அலசலை அந்தத் தொட்டியில் சேர்க்கக் கூடாது, தனி வாய்க்கால் வேண்டும். எல்லாவற்றையும் கலந்துவிட்டால் 70 டிகிரி 45 ஆகிவிடும். பிறகு மீட்க என்ன இருக்கிறது?

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வாரம், ஒவ்வொரு மெஷினின் வடிகாலிலும் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டையும் லிட்டரையும் நோட்டில் எழுதிவிடுங்கள். கருவி விற்க வருபவரிடம் முதலில் அந்த நோட்டை நீட்டுங்கள்.