ஒரு பத்திக்கு 71 விநாடிகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முதன்முதலாக நடந்தது 1926-ஆம் ஆண்டு ஜூன் திங்களில். எதிர்ச்சொல் வினாக்கள் 1994-இலும், சொல் ஒப்புமை வினாக்கள் 2005-இலும் அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. ஆயினும் சொற்பட்டியலை நெட்டுருப் போடும் பழக்கம் மட்டும் விட்டபாடில்லை!

இன்று கணினியில் நடைபெறும் இத்தேர்வின் மொழிப் பகுதியில் 54 வினாக்கள். நேரம் 64 நிமிடம். வகுத்துப் பாருங்கள். ஒரு வினாவுக்குச் சுமார் 71 விநாடி கிடைக்கும். அதற்குள் 25 முதல் 150 சொற்கள் வரையுள்ள ஒரு பத்தியைப் படித்து விடையும் காண வேண்டும்.

வேகமாகப் படித்தால் போயிற்று என்கிறீர்களா? ஒரு சோதனை செய்யுங்கள். செய்தித்தாளின் நடுவே சிறு துளையிட்டு, நண்பரைப் படிக்கச் சொல்லி, மறுபுறமிருந்து அவர் கண்ணைப் பாருங்கள். கண் வரியின் மீது வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையே சுமார் கால் விநாடி நிற்கிறது. நிற்கும்போதுதான் எழுத்து தெரியும். அதிலும் விழித்திரையின் நடுக்குழியில் விழும் பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் எவ்வளவு அகலமாகத் தோன்றுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே, பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் படிக்கக் கற்றுத் தருகிறோம் என்னும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

நிமிடத்துக்கு 250 சொற்கள் படிப்பவருக்கு 150 சொற்களுக்கு 36 விநாடி ஆகும். மீதி 35 விநாடி. புரியாமல் இன்னொரு முறை படித்தால் அதுவும் தீர்ந்தது.

புரிந்துகொள்ளும் திறனை வளர்ப்பது எப்படி? 2006-இல் ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியலார் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சூரியன், கடல் நீர்நாய் ஆகியவை பற்றிய பத்திகளை டோஃபல் பயிற்சி நூல் ஒன்றிலிருந்து எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு தவணையும் படித்தது. இன்னொரு குழு ஒரு தவணை படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பத்தியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதற்குழு 83 விழுக்காடு, மற்றது 71. ஒரு வாரம் கழித்தோ முதற்குழு 40, மற்றது 61! வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதற்குழுவினரே.

தேர்வில் பத்தி கண்ணெதிரே இருக்கும்போது நினைவு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொல்வளமும் பொது அறிவும் தேர்வறையில் கிடைப்பவை அல்லவே! மேலும், படித்ததைச் சொந்தச் சொற்களில் எழுத முயலும்போதுதான் எந்த வாக்கியம் புரியவில்லை என்பது வெளிப்படும்.

தினமும் ஒரு பத்தி போதும். படித்ததும் மூடிவைத்து இரண்டு வரி எழுதுங்கள், பின்பு ஒப்பிடுங்கள். இன்று இந்தக் கட்டுரையிலேயே தொடங்கலாம். இதழை மூடுங்கள்: ஒரு வாரம் கழித்து முதற்குழுவுக்கு நினைவிருந்தது எத்தனை விழுக்காடு?