பல்லின் மேற் பழி

வாய் பேசத் தெரியாத குழந்தை அழத் தொடங்கினால், வீட்டில் வாய் பேசத் தெரிந்தவர் அனைவரும் அதற்குப் பொருள் கூறத் தொடங்கிவிடுவர். சென்ற வைகாசி மாதத்தில் எமது இல்லத்தில் நிகழ்ந்ததும் அதுவே. பதினைந்து மாதம் நிரம்பிய எமது இளைய மகள், நன்றாக உண்டு விளையாடித் திரிந்தவள், திடீரெனச் சிணுங்கத் தலைப்பட்டாள். உணவைக் கண்டு முகந் திருப்பினாள். தாயின் இடுப்பை விட்டு இறங்க மறுத்தாள். இரவிலே வீறிட்டெழுந்து நெடுநேரம் அழுதாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை.

“பல்லு வருகுது தம்பி, வேறொன்றுமில்லை” என்றார் மாமியார். அயலிலுள்ள மூதாட்டியார் நாவூறு என்று தீர்ப்பளிக்க, செத்தல் மிளகாயும் உப்பும் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் இடப்பட்டன. உறவினர் ஒருவர் மாந்தம் என்றார். பரராசசேகரம் என்னும் யாழ்ப்பாணத்துப் பெருமருத்துவ நூலிலே பாலர் பிணிகளுக்கெனத் தனிப் பகுதி உண்டென்பதை எடுத்துக்காட்டி, அவர் நம் வாயை அடைத்தும் விட்டார். ஆயினும் பெரும்பான்மை வாக்குப் பல்லுக்கே கிடைத்தது.

பல்லுக்கு நம் நாட்டில் உள்ள மதிப்பு யாவரும் அறிந்ததே. முதற் பல் தோன்றியதும் பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டுப் பதித்த கொழுக்கட்டையைச் சொரிந்து கொண்டாடுகின்றோம். கொண்டாடுவது ஒரு நாள். பழி சுமத்துவதோ இரண்டு ஆண்டு! ஆறு மாதம் முதல் இரண்டரை வயதுக்குள் 20 பாற்பற்கள் முளைக்கின்றன. ஆகவே எந்த வாரத்தில் எந்த நோய் வந்தாலும், அருகே ஒரு பல் முளைத்துக்கொண்டே இருக்கும். தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதும், பிள்ளை தவழ்ந்து கண்டதையெல்லாம் வாயிலிடுவதும் அதே பருவத்திலேதான். பல் முளைக்கையில் வாய்நீர் வடியும், ஈறு நோகும், உடற்சூடு சிறிது ஏறவுங் கூடும். கடுங் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் பல்லின் மேற் சுமத்துவது தவறு என்பர் மருத்துவர்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1839 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 5,000 இற்கு மேற்பட்ட மரணங்களுக்குப் பல் முளைத்தலே காரணமெனப் பதிவாயிற்று.

அந்நாட்களில் நண்பர் ஒருவர் பொட்டலம் ஒன்று கொண்டுவந்து தந்தார். பல்லுக்கு நல்ல தூள் என்றார். மேலே பெயரும் இல்லை. உள்ளே இருப்பது இன்னதென்ற குறிப்பும் இல்லை. மூன்று இரவு உறங்காத நிலையில், நாமும் அதனைத் தேனிற் குழைக்க எடுத்தோம். “என்ன தூளென்று தெரியாமல் பிள்ளைக்குக் கொடுக்க விடமாட்டன்” என்று மனைவியார் தடுத்துவிட்டார். எங்கோ படித்திருந்த செய்தி அப்பொழுதுதான் எம் நினைவுக்கு வந்தது, வெட்கமும் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளிற் சிறு பிள்ளைகளை ஒரு விசித்திர நோய் வாட்டியது. கைகால்கள் இளஞ்சிவப்பாகித் தோல் உரியும். வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசும். பிள்ளை ஓயாது அழும், உண்ணாது, உறங்காது. சில பிள்ளைகள் இறந்தும் போயின. கிருமியென்றனர், சத்துக் குறைவென்றனர். 1945 இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் வார்க்கனி, ஹபாட் என்னும் இருவர், அத்தகைய பிள்ளையொன்றின் சிறுநீரைச் சோதித்தபோது அதில் இரசம் மிகுந்திருக்கக் கண்டனர். பல் முளைக்கும் பிள்ளைகளின் சிணுங்கலைத் தீர்க்கவென விற்கப்பட்ட தூளிலேயே, நம் பரியாரிமார் பூரம் எனக் கூறும் இரசச் சேர்க்கை கலந்திருந்தது. அத்தூளை உண்ட பிள்ளைகளுட் சிலரையே நோய் பற்றியமையால், உண்மை நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1950களில் தூளிலிருந்து இரசம் நீக்கப்பட்டது, நோயும் மறைந்தது. அழுகைக்கு மருந்தென்று கொடுத்ததே அழுகைக்குக் காரணமாயிற்று!

பொட்டலத்தை அப்புறப்படுத்திவிட்டு, ஆசிரியத் தொழிலுக்கேற்ப ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்தோம். உணவு, உறக்கம், மலம், அழுகை ஆகியவற்றை நேரத்தோடு எழுதினோம். ஐந்தாம் நாள் கொப்பியே பேசியது. பகலுறக்கத்தில் அழுகையே இல்லை; இரவில் மட்டும், உறங்கி இரண்டு மணி நேரத்தின் பின் அழுகை. பல்லானால் பகலிலும் நோகவேண்டுமன்றோ? நாவூறுக்கும் நேர அட்டவணை இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை.

எமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் கொப்பியைப் பார்த்ததும் புன்னகைத்தார். “மாஸ்டர், இண்டைக்கு இரவு பிள்ளை அழேக்கை ரோச் அடிச்சு மலவாயைப் பாருங்கோ” என்றார். பார்த்தோம். வெண்ணூல் துண்டுகள் போன்று சில நெளிந்தன. கீரிப்பூச்சி! பெண் பூச்சி இரவிலே வெளிவந்து மலவாயைச் சுற்றி முட்டையிடும். அந்த அரிப்பே பிள்ளையை எழுப்பியது. சொறியும் நகத்தின் வழியாக முட்டை மீண்டும் வாயை அடையும். படுக்கையிலும் துணியிலும் இரண்டு வாரம் வரை உயிரோடிருக்கும்.

பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்ததென வினவியபோது, மூன்றாந் தரத்திற் படிக்கும் மூத்தவன் தலை குனிந்தான். அவனுக்கு ஒரு மாதமாகவே அரிப்பாம். சொன்னால் ஏசுவோமென்று அஞ்சி மறைத்திருக்கிறான். நகங்கடிக்கிறான் என்று அவனை நாள்தோறும் ஏசிய நாம், ஏன் உறங்காமற் புரள்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. அன்று அவனை மடியிலிருத்தி நகம் வெட்டியபோது, கொப்பியில் எழுதாமல் விட்டது எதுவென்பது விளங்கிற்று.

வைத்தியர் வயதுக்கேற்ற அளவில் எல்லோருக்கும், மாமியார் உட்பட, ஒரே நாளில் மருந்து கொடுத்தார். மருந்து பூச்சியைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. ஆதலால் இரண்டு வாரத்தின் பின் மீண்டும் கொடுக்கவேண்டும். படுக்கை விரிப்புகளைச் சுடுநீரிற் தோய்த்து வெயிலிற் காயவிட்டோம். காலையில் எழுந்ததும் பிள்ளைகளைக் கழுவினோம். நகங்களை ஒட்ட வெட்டினோம். நான்காம் இரவு இருவரும் விடியும்வரை உறங்கினர்.

இரண்டாம் முறை மருந்து கொடுத்து மூன்று நாளாகியிருக்கும். சோறூட்டிக்கொண்டிருந்த மாமியார் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, எம்மைக் கூவி அழைத்தார். கடைவாய்ப் பல் ஒன்று வெண்மையாய்த் தலைகாட்டியிருந்தது.

“நான் அப்பவே சொன்னனான், தம்பி” என்றார்.