கத்தினால்தான் பாடமா?

கொல்லிமலையில் தொண்டை கட்டினால் மருந்துக்கு அலைய வேண்டியதில்லை. காபித் தோட்டத்து மரங்களில் படர்ந்த கொடியிலேயே மிளகு காய்க்கிறது. தட்டிக் கொதிக்க வைத்து, பனங்கற்கண்டு சேர்த்துக் குடித்தால் தொண்டைக்கு இதம்தான். குரலுக்கு? விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. அவை மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. விழுங்கும் கணத்தில் அந்த வாசல் இறுக மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் புரையேறிவிடும். கஷாயத்தின் ஆவியை மூச்சோடு இழுத்தால் அது நாண்கள் வரை போகும். கஷாயம் போகாது.

குரல் போன பிறகு கைவைத்தியம் தேடும் ஆசிரியர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. குரல் கெடாமல் காக்கும் வழிகளில் பெரும்பகுதி வகுப்பறை ஏற்பாட்டில் இருக்கிறது.

பெண்களின் குரல் நாண் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம். பேசும்போது நொடிக்குச் சுமார் 200 முறை இரு நாண்களும் மோதிப் பிரிகின்றன. இடைவெளிகள் போக, நாளுக்கு இரண்டு மணி நேரம் குரல் எழுப்பினாலே கணக்கு 14 லட்சத்தைத் தாண்டும். கத்தும்போது மோதலின் வேகமும் கூடுகிறது. முதலில் வீக்கம் வரும். ஓய்வே கொடுக்காவிட்டால், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவது போல இரு நாண்களிலும் முடிச்சு விழும்.

அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் பிரச்சினை வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம். மற்ற தொழில்களில் 28.8.

கொல்லிமலை போன்ற இடங்களில் சுமை வேறு மாதிரி. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இரண்டு ஆசிரியர்களை வகுத்திருக்கிறது. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலையில், ஈராசிரியர் பள்ளி என்றால் இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டு, அடுத்த மூலையில் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு. டவுன் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கும் ‘ஃப்ரீ பீரியட்’ இங்கே கிடையாது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் மாலைப் படிப்பையும் கவனிக்க வேண்டும். மார்கழிப் பனியில் சளி பிடித்து நாண்கள் ஏற்கெனவே வீங்கியிருக்கும்போதும் அதே சத்தம்தான். கீழே சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருபவர், இன்ஜின் இரைச்சலுக்கு மேலே பேசிக்கொண்டே 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தால், முதல் மணி அடிக்கும் முன்பே குரலைச் செலவழித்துவிடுகிறார்.

சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் எழுதினார். வகுப்பில் இது இருபக்கமும் வேலை செய்கிறது. ‘பேசாதே!’ என்று ஆசிரியர் கத்த, பக்கத்துப் பையன் காதில் விழ வேண்டுமே என்று பிள்ளைகளும் குரலை ஏற்ற, மறுபடி ஆசிரியர் இன்னும் ஒரு படி ஏற்றுகிறார். இந்தச் சுழலை அறுக்கச் சில பள்ளிகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆசிரியர் மூன்று தட்டு தட்டுவார், பிள்ளைகள் இரண்டு தட்டுத் திருப்பித் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஒரு சொல்கூடச் செலவில்லை.

தூரமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். 2025 ஜூலையில் தமிழ்நாட்டில் பேசப்பட்ட, பிள்ளைகளை ஆசிரியருக்கு அருகே கொண்டுவரும் ‘ப’ வடிவ இருக்கை முறை, கழுத்துவலி, பார்வை பற்றிய கேள்விகளால் நிறுத்திவைக்கப்பட்டது. நெரிசலான வகுப்புகளுக்கு அந்தக் கேள்விகள் நியாயமானவை. இருபது பிள்ளைகள் உள்ள மலைப் பள்ளியில் பாயையோ பெஞ்சையோ அரைவட்டமாகப் போட்டு, கதை சொல்லும் நேரத்துக்காவது எல்லோரையும் அருகே உட்கார வைக்கலாமே.

மைக் இன்னும் உறுதியான வழி. குரல் கோளாறு உள்ள 44 ஆசிரியர்களை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கியை ஆறு வாரம் பயன்படுத்தியவர்களின் பாதிப்பு கணிசமாகக் குறைந்தது. குரலைப் பேணும் அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் அப்படித் தெளிவான மாற்றம் இல்லை. தலைமையாசிரியர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். மைக் மாட்டினால் ‘தெம்பில்லாத டீச்சர்’ என்று யாராவது சொல்வார்களோ என்ற கூச்சத்தைப் போக்குவதும் அவர்கள் பொறுப்புதான். பள்ளி மேலாண்மைக் குழு மனது வைத்தால் ஒரு செட் வாங்குவது பெரிய காரியமில்லை.

ஆசிரியர் தாமே செய்யக்கூடியவையும் உண்டு. மேசையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். தொண்டையைச் செருமுவது நாண்களை அறைந்து மோத வைக்கும். செருமத் தோன்றும்போது ஒரு மடக்கு நீர் போதும். குரல் கம்மிய நாளில் குசுகுசுவென்று பேசுவதை ஓய்வு என்று நினைக்க வேண்டாம், பலருக்கு அதிலும் இறுக்கம் கூடுகிறது. காலையில் வகுப்புக்கு முன் சில நிமிடம் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுவதும், மெல்லிய ஸ்ட்ரா வழியாக ‘ஊ’ என்று ஒலியெழுப்புவதும் நாண்களுக்குப் பதமான பயிற்சிகள்.

மூன்று, நான்கு வாரமாகியும் கம்மல் தீராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். முடிச்சாக இருந்தால் பெரும்பாலும் கத்தி வைக்காமல் குரல் பயிற்சியிலேயே கரையும். வேறு நோய் என்றால் சீக்கிரம் தெரிவது நல்லது. போலந்தில் நீண்ட காலப் பணியால் வரும் குரல் கோளாறு சட்டப்படி தொழில்நோய். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த நம் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் அது இருந்ததில்லை. மலையிலிருந்து இறங்கி நாமக்கல்லில் மருத்துவரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் விடுப்பு போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் நடக்கும் நாளில் தொண்டை மருத்துவர் ஒருவரும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரும் மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு ஏறி வந்தால், மலையில் வேலை பார்க்கும் ஆசிரியர்களை அங்கேயே பரிசோதித்துவிடலாம். அதற்கான ஏற்பாட்டைக் கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.