உங்களுக்குத் தெரியுமா? வாவிக்கு மேலே ஒரு பால்வீதி

கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. நடுவே ஒடுங்கிய நிலத்தில் பெரியகல்லாறு. இரவு வானைப் படமெடுக்க அருமையான இடம்!

★ சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பெரியகல்லாறு எழுவான்கரை ஊர். ஆவணி, புரட்டாதியில் இரவு ஒன்பது மணிக்குமேல் பால்வீதியின் மையம் வாவிப் பக்கமாகத் தென்மேற்கே சாயும். நிலவில்லாத இரவே உகந்தது.

★ இவ்வூர் வட அகலக்கோடு ஏறத்தாழ 7½ பாகையில் உள்ளது. துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து அதே 7½ பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை!

★ அதனால் கடல் பக்கம் கமராவைத் திருப்பி நெடுநேரம் திறந்து வைத்தால், நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தான கோடுகளாக மேலேறும்.

★ கோடு விழாமல் புள்ளியாக வேண்டுமா? 500ஐ லென்சின் குவியத் தூரத்தால் வகுங்கள். ஃபுல் ஃபிரேம் கமராவில் 24 மி.மீ. லென்சுக்குச் சுமார் 20 விநாடி. முக்காலி கட்டாயம்.

★ வைகாசி முன்னிரவில் தெற்கே தென்சிலுவையும் தெரியும். வடக்கே வெகுதூரம் போனால் அது கிடைக்காது.

கரையோர விளக்குகளைத் தேவைக்கு மட்டும் ஏற்றுவோம். இந்த வானம் நம் பிள்ளைகளுக்கும் மிஞ்சட்டும்.