விலாசத்தின் கடைசிச் சொல்

வணிகர்களாகிய நமக்கு 'விலாசம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தபால்காரர் தேடி வருகிற முகவரியும் விலாசம். மூட்டையின் மேலும் பில் புத்தகத்தின் தலைப்பிலும் நாம் போடுகிற கடைப் பெயரின் எழுத்துகளும் விலாசம். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் கடைகள் அந்த எழுத்துகளாலேயே அறியப்பட்டன.

உலகின் பெரிய நிறுவனங்கள் சில இந்த இரண்டு பொருளையும் இப்போது ஒன்றாக்கிவிட்டன. இணையதள முகவரியின் கடைசிச் சொல்லாகத் தங்கள் கம்பெனிப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கின்றன. மளிகைக் கடைக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

கடைசிச் சொல் ஏன் முக்கியம்?

தபால் உறையில் கதவு எண், தெரு, ஊர், நாடு என்ற வரிசையில் எழுதுகிறோம். கடைசியில் வருவதுதான் பெரிய எல்லை. இணைய முகவரியும் அப்படியே. 'காம்', 'நெட்', 'இன்' என்று கடைசியில் வருகிற சொல்லே எல்லையைக் காட்டுகிறது. 'காம்' என்பது பொதுத் தெரு. பணம் கட்டினால் யாரும் அங்கே இடம் பிடிக்கலாம். 'இன்' நமது நாட்டுக்கு உரியது. தமிழ் எழுத்திலேயே 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்று முடியும் முகவரிகளும் உண்டு.

இந்தக் கடைசிச் சொற்களை மேற்பார்வை செய்வது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள 'ஐகான்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. புதிய கடைசிச் சொற்களுக்கு யாரும் விண்ணப்பிக்கலாம் என்று 2011 ஜூனில் சிங்கப்பூரில் கூடிய கூட்டத்தில் அது முடிவெடுத்தது. 2012-ல் 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவற்றில் பல நூறு, கம்பெனிகள் தங்கள் பெயரையே கேட்டவை. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1 கோடி ரூபாய். பெயர் கிடைத்த பிறகு ஐகானுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. 2026-ல் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட அடுத்த சுற்றுக்கு விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர்.

கூகுள், பிஎம்டபிள்யூ, கேனன், பார்க்லேஸ் வங்கி எனப் பலரும் வாங்கினார்கள். நம் நாட்டில் டாடா மோட்டார்ஸ் வாங்கியது. ஸ்டேட் வங்கி 'எஸ்பிஐ' என்ற சொல்லை வாங்கியது. இத்தகைய பெயரின் கீழ் அந்தக் கம்பெனியும், அதன் துணை நிறுவனங்களும், அதன் வணிகச் சின்னத்தைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர்களும் மட்டுமே முகவரி வைத்துக்கொள்ள முடியும். தெரு முழுவதும் ஒருவருடைய சொத்து. வெளியார் அங்கே பலகை மாட்ட முடியாது.

பணம் மட்டும் போதவில்லை

அமேசான் நிறுவனம் தன் பெயரைக் கேட்டபோது பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அது எங்கள் நதியின் பெயர், எங்கள் மக்களின் பெயர் என்றன. 2014-ல் ஐகான் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2017-ல் மறுஆய்வுக் குழு அமேசானுக்குச் சாதகமாகச் சொன்னது. அமேசான் படுகையைச் சேர்ந்த 8 நாடுகளுடனும் உடன்பாடு ஏற்படவில்லை. கடைசியில் 2019-ல் ஐகான் அனுமதி கொடுத்து, 2020-ல்தான் பெயர் நடைமுறைக்கு வந்தது. உலகப் பெரும் வியாபாரிக்கே தன் பெயரைப் பெற 8 ஆண்டுகள் ஆயின.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. மெக்டொனால்ட்ஸ் தன் பெயரை 2017-ல் விட்டுவிட்டது. நார்வே நாட்டு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயில் 2018-ல் ஈக்வினார் என்று பெயர் மாற்றியது. பழைய பெயரில் வாங்கிய கடைசிச் சொல்லும் உபயோகமற்றுப் போயிற்று. போட்ட முதல் திரும்புமா என்று கணக்குப் பார்ப்பது பெரிய கம்பெனிக்கும் பொருந்தும்.

நாம் கவனிக்க வேண்டியது

ஏஜென்சி எடுக்க நினைக்கிற நம்மவர்கள் இப்போது முதலில் பார்ப்பது செல்போனில்தான். மோசடிக்காரர்களும் அங்கேதான் காத்திருக்கிறார்கள். அமுல் பெயரில் டீலர்ஷிப் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய போலித் தளங்களுக்கு எதிராக, 2020-ல் அமுலை விற்பனை செய்யும் குஜராத் கூட்டுறவு அமைப்பே டெல்லி உயர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. அவற்றை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அதற்குள் டெபாசிட் கட்டியவர் கட்டியவர்தான்.

ஆகவே முகவரியைக் கடைசியிலிருந்து படிக்கப் பழக வேண்டும். ஒரு கம்பெனியின் உண்மைத் தளம் 'ஏபிசி.காம்' என்று வைத்துக்கொள்வோம். 'ஏபிசி-டீலர்.இன்' என்றால் வேறு யாரோ வாங்கிய பெயராக இருக்கலாம். 'ஏபிசி.காம்.டீலர்.ஆன்லைன்' என்று வந்தால் அதன் சொந்தக்காரர் 'டீலர்.ஆன்லைன்' என்ற பெயரை வாங்கியவர். முன்னால் உள்ள 'ஏபிசி' வெறும் ஒட்டுப்பலகை. கம்பெனிப் பெயரே கடைசிச் சொல்லாக இருந்தால் அந்த ஐயம் இல்லை. ஆனால் நாம் சரக்கெடுக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை 'காம்' அல்லது 'இன்' முகவரியே வைத்திருக்கின்றன. ஆகையால் பாக்கெட்டின் மேல் அச்சிட்ட வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியே வழி செய்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெயர் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். சொந்தத் தெரு வைத்திருந்த ஸ்டேட் வங்கியும் இந்தப் பொதுத் தெருவுக்கு வந்துவிட்டது. வங்கியிலிருந்து என்று சொல்லி வேறு முடிவுள்ள இணைப்பு வந்தால் தொடவே வேண்டாம்.

நம் கடைப் பெயர்

நமக்குக் கோடி ரூபாய்ப் பெயர் தேவையில்லை. 'இன்' முகவரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. அதைத் தளம் அமைத்துக் கொடுக்கும் பையன் பெயரில் அல்லாமல், கடை உரிமையாளர் பெயரிலும் அவருடைய செல்போன் எண்ணிலும் பதிவு செய்ய வேண்டும். கடைப் பத்திரத்தை வாடகைதாரர் பெயரில் யாராவது எழுதுவார்களா? புதுப்பிக்கும் தேதியை லைசென்ஸ் தேதியோடு சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தவறினால் அந்தப் பெயரை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

சொந்த மசாலாப் பொடி, எண்ணெய் என்று பாக்கெட் போடுகிறவர்கள் பெயரை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்வது நல்லது. சிறு நிறுவனம் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நம் பெயரில் வேறொருவர் 'இன்' முகவரி எடுத்துக்கொண்டால், நடுவர் முன் வழக்காட அந்தப் பதிவு கைகொடுக்கும்.

மூட்டையின் மேல் விலாசம் போட மறக்காத நாம், இந்த விலாசத்தையும் நம் கையிலேயே வைத்துக்கொள்வோம்.