இரண்டு தண்டும் இரண்டு கையும்

முருகப் பெருமானுக்குப் பன்னிரண்டு கைகளைக் கொடுத்துவிட்டு மனிதனுக்கு மட்டும் இரண்டோடு நிறுத்திவிட்டார்களே என்று, வேலை மிகுந்த நாட்களில் நம் வீட்டுத் தாய்மார்கள் அலுத்துக்கொள்வது உண்டு. அந்த அலுப்பிலே நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் பழைய கனரக லாரிகளை ஓட்டியவர்களைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள். அவர்களுடைய வண்டியில் கியர் மாற்றுவதற்கு ஒரு தண்டு அல்ல, இரண்டு தண்டுகள் நின்றன. சில சமயம் இரண்டையும் ஒருங்கே நகர்த்தியாக வேண்டும். அதற்காக ஸ்டியரிங் சக்கரத்தை விட்டுவிடலாமா? அதுவும் கூடாது!

இத்தகைய வண்டிகளில் பெயர் பெற்றது மேக் கம்பெனியின் 'பி' வரிசை லாரி. 1953 முதல் 1966 வரை 1,27,000-க்கு மேற்பட்ட வண்டிகள் இந்த வரிசையில் வெளிவந்தன. உருண்டை முகமும், அதன் உச்சியிலே உட்கார்ந்த சிறு புல்டாக் நாயின் உருவமுமாக, பார்ப்பதற்குச் சாதுவான வண்டிதான். உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதன் பிடிவாதம் தெரியும்.

இரண்டு தண்டு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தக் காலத்து டீசல் யந்திரத்துக்குப் பலம் மிகவும் குறைவு. 'பி-61' என்ற வண்டியில் இருந்த யந்திரத்துக்கு ஏறக்குறைய 170 குதிரைச் சக்திதான். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாளில் பெருஞ்சாலைகளில் ஒரு லாரி சுமையோடு 73,280 பவுண்டு வரை இருக்கலாம் என்று இருந்தது. அதாவது சுமார் 33 டன். இவ்வளவு பாரத்தை இழுக்க வேண்டுமானால், யந்திரத்தை அதற்குப் பிடித்தமான வேகத்திலேயே ஓடவிட வேண்டும். நிமிஷத்துக்கு 2,100 சுற்றுக்கு மேல் அது போகாது. வெகுவாகக் கீழே இறங்கினாலோ திணறி நின்றுவிடும்.

ஐந்து கியர் உள்ள சாதாரணப் பெட்டியில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். கோயில் குளத்தில் ஆள் உயரப் படிகளாகக் கட்டிவைத்தால் கிழவர்கள் எப்படி இறங்குவார்கள்? ஆகவே ஒவ்வொரு பெரிய படியையும் சிறு படிகளாக வெட்டுவதற்கு, முதற் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பற்சக்கரத் தொகுதியை வைத்தார்கள். அதில் இரண்டு படியானால் மொத்தம் பத்துக் கியர். அதற்கு 'டூப்ளெக்ஸ்' என்று பெயர். மூன்றானால் பதினைந்து, 'டிரிப்ளெக்ஸ்'. நான்கானால் இருபது, 'குவாட்ரூப்ளெக்ஸ்'. இருபதையும் எல்லாப் பிரயாணத்திலும் உபயோகிப்பதில்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது என்பது டிரைவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இனி வித்தைக்கு வருவோம். முதல் தண்டு ஓரிடத்தில் இருக்க, இரண்டாவது தண்டை மட்டும் படிப்படியாக உயர்த்திக்கொண்டு போவது எளிது. அது உச்சியை எட்டியதும்தான் சங்கடம். இப்போது முதல் தண்டு ஒரு படி மேலே ஏறவேண்டும். அதே நொடியில் இரண்டாவது தண்டு அடிப்படிக்குத் திரும்பவேண்டும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, ஒரே கை இரண்டையும் எப்படிச் செய்யும்? டிரைவர் தம் இடது கையை ஸ்டியரிங் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே நுழைத்து முதல் தண்டைப் பற்றுவார். வலது கை இரண்டாவது தண்டின் மேல். சக்கரத்தை நேராகப் பிடித்திருப்பது அந்த இடது முழங்கையின் வேலை! ஆட்டுக்கல்லில் ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது அவ்வளவு அதிசயமாகத் தோன்றாது. ஆனால் ஆட்டுக்கல் அறுபது மைல் வேகத்தில் ஓடுவதில்லை.

கால்களுக்கும் ஓய்வில்லை. இந்தப் பெட்டிகளில் பற்சக்கரங்களைத் தானாக ஒத்த வேகத்துக்குக் கொண்டுவரும் சாதனம் கிடையாது. 1928-லேயே காடிலாக் காரில் அது வந்துவிட்டது. பார லாரிக்கு எட்டவில்லை. எனவே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு இழுத்து, கிளட்சை விட்டு, யந்திரம் சரியான வேகத்துக்கு வரும்வரை பொறுத்து, மறுபடி மிதித்துத் தண்டைப் போடவேண்டும். கியரைக் குறைக்கும்போது நடுவிலே ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி யந்திரத்தை முடுக்க வேண்டும். தவறினால் பற்கள் உராய்ந்து ஓலமிடும். கேட்பவருக்கே பல் கூசும். அனுபவசாலிகள் யந்திரத்தின் சப்தத்தை மட்டும் கேட்டு, கிளட்சைத் தொடாமலே மாற்றிவிடுவார்கள்.

சமவெளியில் தவறினால் அவமானத்தோடு போயிற்று. மலையில் அப்படியல்ல. கொலராடோ மாகாணத்தில் லவ்லாண்ட் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. உயரம் 11,990 அடி. 1973-இல் மலையைக் குடைந்த சுரங்கப் பாதை திறக்கும் வரையில் அந்த வழிப் போக்குவரத்தெல்லாம் இந்தக் கணவாயின் மேல்தான் ஏறிற்று. நூறு அடிக்கு ஆறு அடி ஏறும் சாலையில் அந்த 33 டன் வண்டி மணிக்குப் பத்து மைல் போனாலே பெரிது. கியர் மாற்றும் இடைவேளையில், விநாடிக்கு ஒன்றரை மைல் வீதம் வேகம் கரையும். மூன்று விநாடி தடுமாறினால் பாதி வேகம் பறிபோகும். அதற்குள் டிரைவர் எண்ணியிருந்த கியரும் பயன்படாது. இன்னும் கீழான கியரைத் தேட வேண்டும். தேடுவதற்குள் வண்டி நின்றேவிடும்.

இறக்கத்திலோ இதைவிடக் கஷ்டம். ஏறும்போது வண்டி நிற்கும், இறங்கும்போது ஓடும்! இரண்டு தண்டும் நியூட்ரலில் அகப்பட்டுக்கொண்டால், நடுவிலுள்ள அச்சு யந்திரத்துக்கும் கட்டுப்படாது, சக்கரத்துக்கும் கட்டுப்படாது. அது எந்த வேகத்தில் சுழல்கிறது என்று காதால் அறிவதும் கடினம். பத்து விநாடிக்குள் வண்டியின் வேகம் பத்து மைலுக்கு மேல் கூடிவிடும். யந்திரமோ 2,100 சுற்றைத் தாண்டாது. வண்டி அந்த எல்லையைக் கடந்துவிட்டால் பழைய கியர் திரும்ப விழவே விழாது. மிச்சம் இருப்பது பிரேக் ஒன்றே. நீண்ட இறக்கத்தில் அது பழுக்கக் காய்ந்து, பிடிப்பை இழந்துவிடும். ஆகையினால்தான் அந்நாளைய டிரைவர்கள் மலையுச்சியிலேயே நின்று, இறங்குவதற்கான கியரை இருந்த இடத்திலேயே போட்டுக்கொண்டு, அடிவாரம் வரையில் தண்டைத் தொடாமல் வந்தார்கள்.

1950-களில் புல்லர் கம்பெனியின் 'ரோட்ரேஞ்சர்' பெட்டி வந்தது. இரண்டாவது தண்டின் வேலையைக் காற்றழுத்தம் செய்தது. டிரைவர் ஒரு சிறு பொத்தானை விரலால் தள்ளினால் போதும். கொஞ்ச காலத்தில் இரட்டைத் தண்டுகள் வழக்கொழிந்தன. இன்று பழைய வண்டிகளைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளும் பிரியர்களிடந்தான் அவற்றைப் பார்க்கலாம். அவர்கள் தங்கள் லாரியைப் பூட்டுவதற்குக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. திருடன் ஏறினாலும் இரண்டு தண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிடுவான் அல்லவா?