தவிட்டுப் புழுவும் மளிகைக் கடையும்



ரவைப் பொட்டலத்தில் ஒரு புழு நெளிந்தால் போதும், பல வருடம் பழகிய வாடிக்கையாளரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதே இனத்துப் புழுவை விலை கொடுத்து வாங்கிப் போகிறவர்களும் இன்று இருக்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலியை வீட்டில் வளர்ப்போர் அதற்குத் தீனியாக இதை வாங்குகிறார்கள். நம் பக்கத்தில் அரோவானா முதலிய வண்ணமீன் வளர்ப்போரும், கூண்டுப் பறவை வளர்ப்போரும் வாங்குகிறார்கள். தீவனமும் சேர்த்து விற்கும் மளிகை வியாபாரிக்கு, "நாமும் நாலு டப்பா வைத்தால் என்ன?" என்று தோன்றுவது இயற்கையே. வைக்கும் முன் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சரக்கின் வகை

சந்தையில் முக்கியமாக மூன்று வகை உண்டு. முதலாவது மீல்வார்ம் எனப்படும் தவிட்டுப் புழு. இது ஒரு கருவண்டின் புழுப் பருவம். ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம் வளரும். இரண்டாவது சூப்பர்வார்ம், இது ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் வேறொரு வண்டின் புழு. மூன்றாவது சுவர்க்கோழி. மூன்றையும் ஒரே முறையில் காப்பாற்ற முடியாது. நஷ்டம் பெரும்பாலும் இது தெரியாததால்தான் வருகிறது.

குளிர்ப்பெட்டி எதற்கு ஆகும்?

தவிட்டுப் புழுவைக் குளிரில் வைக்கலாம். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் அது வளராமல், கூட்டுப்புழு ஆகாமல், பல வாரம் மயங்கிக் கிடக்கும். வாரம் ஒரு முறை வெளியே எடுத்து, ஒரு நாள் அறை வெப்பத்தில் விட்டு, தீனி தின்ன வைத்து மீண்டும் உள்ளே வைக்க வேண்டும். மூடியில் காற்றுத் துளை அவசியம். குளிரிலிருந்து எடுத்தவுடன் டப்பாவில் நீர் முத்து கோக்கும். அதைத் துடைத்துவிட வேண்டும்.

சூப்பர்வார்மைக் குளிரில் வைத்தால் செத்துப் போகும். இதைத் தெரியாமல் இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி, மறுநாள் முழுச் சரக்கையும் குப்பையில் கொட்ட நேரலாம். இதை 21 முதல் 27 டிகிரி வெப்பத்தில் வெளியிலேயே வைக்க வேண்டும். கூட்டமாக இருக்கும் வரை இது கூட்டுப்புழு ஆகாது என்பது வியாபாரிக்கு வசதி.

சுவர்க்கோழிக்கும் குளிர் ஆகாது. காற்றோட்டமுள்ள பெட்டியில், ஒளிந்துகொள்ள முட்டை அட்டைகளை நிறுத்தி வைக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதிலேயே விழுந்து சாகும். ஈரப்பஞ்சு அல்லது உருளைக்கிழங்குத் துண்டு போதும். செத்தவற்றைத் தினமும் எடுக்காவிட்டால் நாற்றம் கிளம்பி, மற்றவையும் மடியும். சுவர்க்கோழிக்கு ஒரு வைரஸ் நோயும் உண்டு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பல பண்ணைகள் அதனால் அழிந்தன. ஆகவே புதுச் சரக்கைப் பழைய சரக்கோடு ஒரே பெட்டியில் கொட்டக் கூடாது.

தீனியும் ஈரமும்

புழுவுக்குப் படுக்கையும் தீனியும் கோதுமைத் தவிடுதான். தண்ணீருக்குப் பதிலாகக் கேரட் அல்லது உருளைக்கிழங்குத் துண்டு வைத்து, மறுநாள் எடுத்துவிட வேண்டும். அது அழுகினால் பூஞ்சணம் பிடிக்கும். வெண்தூள் போல் தெரியும் நுண்ணிய உண்ணிகள் பெருகும். தவிட்டை முன்கூட்டியே சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால், அதிலுள்ள பூச்சி முட்டைகள் அழியும்.

மருந்து அடித்த கிடங்கின் தவிட்டைப் போட்டால் புழு மொத்தமும் சாகும். தப்பிப் பிழைத்தாலும் அதைத் தின்னும் பிராணிக்குக் கெடுதல்.

புழுக்களை ஆழமாகக் குவித்து வைக்கக் கூடாது. நெருக்கத்தில் அவற்றின் உடல் சூடே ஏறி, நடுவிலுள்ளவை சாகும். அகலமான, வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பினால் சூடும் ஏறாது, ஏறி ஓடவும் முடியாது. நம் ஊர்க் கோடையில் தகரக் கூரைக் கிடங்கு இதற்கு உதவாது.

வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியது

தவிட்டுப் புழுவிலும் சுவர்க்கோழியிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். எனவே விற்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கீரை போன்ற சத்துள்ள தீனி கொடுப்பதும், பிராணிக்கு வைக்கும்போது கால்சியம் பொடி தூவுவதும் நல்லது. தவிட்டுப் புழுவிலும் சூப்பர்வார்மிலும் கொழுப்பும் உண்டு. முள்ளெலிக்கு இதையே வயிறு நிறையக் கொடுத்தால் உடல் பருத்துவிடும். அதற்கு முக்கியத் தீனி வேறு. புழு இடையிடையே தருவது. தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதில் பூச்சி மருந்து இருக்கலாம்.

கணக்கு

கணக்குக்காக, 1,000 புழுவை 1,000 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 200 செத்தால் மீதியுள்ள ஒவ்வொன்றின் அடக்கவிலை 1 ரூபாய் 25 காசு ஆகிவிடும். இதற்கு மேல் தவிடு, மின்சாரம், ஆள் நேரம் எல்லாம் உண்டு. சேதாரத்தைச் சேர்க்காமல் விலை போட்டால் விற்க விற்க நஷ்டமே. அரிசி போல மூன்று மாதத்துக்கு வாங்கிப் போடும் சரக்கல்ல இது. கொஞ்சமாக வாங்கி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். சலித்து எடுக்கும் கழிவுத்தூள் செடிகளுக்கு நல்ல உரம். தோட்டம் வைத்திருப்போர் வாங்கிக்கொள்வார்கள்.

மளிகைக்கு வரும் ஆபத்து

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தவிட்டுப் புழு முழு அரிசியைத் துளைக்கும் இனமல்ல. மாவு, தவிடு, ஈரம் கண்ட பழைய சரக்கு ஆகியவற்றில் வளர்வது. ஒரு பெண் வண்டு சில நூறு முட்டை இடும். அதைவிட, டப்பாவிலுள்ள தவிட்டில் சிவப்பு மாவு வண்டும் அந்துப்பூச்சியும் உண்ணியும் எளிதில் குடியேறி, பக்கத்திலுள்ள ரவை, மைதா மூட்டைக்குப் பரவும். நூறு ரூபாய் லாபத்துக்காக வைத்த டப்பா, பல மூட்டைச் சரக்கைக் கெடுத்துவிடும்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடையைப் பூச்சியும் எலியும் இல்லாமல் காப்பது நம் கடமை. மாவு மூட்டைக்குப் பக்கத்தில் உயிருள்ள வண்டை அதிகாரி பார்த்தால், அது விற்பனைச் சரக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. பால், தயிர் வைக்கும் குளிர்ப்பெட்டியில் புழு டப்பாவை வைப்பது அறவே கூடாது. வண்டு பரவிவிட்டதென்று புகை மாத்திரையை நாமே வைப்பதும் உயிருக்கு ஆபத்து. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அரசு அனுமதி பெற்றவர்களே கையாள வேண்டும்.

கையாள்வோரின் உடல்நலத்தையும் கவனிக்க வேண்டும். இப்பூச்சிகளின் தூள் சிலருக்குத் தும்மல், மூச்சிரைப்பு உண்டாக்கும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் விலகியிருப்பது நல்லது. மற்றவர்களும் முகத்துணி கட்டிச் சலித்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அமெரிக்காவில் 2012, 2019, 2020 ஆண்டுகளில் வளர்ப்பு முள்ளெலிகள் மூலம் சால்மோனெல்லா நோய் பரவியது. எனவே பிராணியைத் தொட்டவரும் கை கழுவ வேண்டும். பிராணிகளையே விற்க நினைப்பவர்கள், 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நம் நாட்டுக் காட்டு முள்ளெலியைப் பிடித்து விற்பது குற்றம்.

நம் யோசனை

தனி வாசல், தனி அறை, தனிக் குளிர்ப்பெட்டி, தனி ஆள் இவை நான்கும் உள்ளவர்கள் இத்தொழிலைத் தாராளமாகச் செய்யலாம். ஒரே அறையில் மளிகை நடத்துபவர்கள் புழுவைத் தொட வேண்டாம். அவர்களுக்கும் இதில் வருமானத்துக்கு வழி உண்டு. புழு வளர்ப்போருக்கு மருந்து படாத, உலர்ந்த, சலித்த கோதுமைத் தவிடு எப்போதும் தேவை. அதை நல்ல தரத்தில், சரியான எடையில் கொடுத்தால் அவர்கள் நம் நிரந்தர வாடிக்கையாளர்கள் ஆவார்கள். மூட்டையும் கெடாது, கடையின் பெயரும் கெடாது.